கணையத்துக்குன்னு எழுதிக் குடுத்த ஆன்டிஆக்சிடன்ட் கேப்சூல்: 5க்கு 2 ஸ்டார்தான்

மார்க்கை முதல்லயே போட்டுடறேன், 5க்கு 2. அந்த ரெண்டும் முழுங்க ஈஸியா இருக்கு, வயித்தைப் புரட்டலைங்கறதுக்கு மட்டும்தான். கணையத்துக்கு என்ன பண்ணுச்சுன்னு கேட்டீங்கன்னா போடறதுக்கு மார்க்கே இல்ல. பிராண்டு பேர் சொல்லப் போறதில்ல, ஏன்னா இது ஒரு கம்பெனியோட பிரச்சனை கிடையாது, மெடிக்கல்ல அந்த ரேக்குல நிக்கிற டப்பா எல்லாத்தையும் திருப்பி லேபிள் படிச்சுப் பாத்துட்டேன், உள்ள இருக்கறது கிட்டத்தட்ட ஒரே சரக்கு, அட்டை கலரும் விலையும்தான் மாறுது.

வாங்கினது என் தம்பிக்கு. வயசு நாப்பது கூட ஆகல. பித்தப்பையில இருந்த சின்னக் கல்லு ஒண்ணு நழுவி வந்து குழாய் முனையில மாட்டி, அக்யூட் பான்கிரியாடைட்டிஸ் ஆயிடுச்சு. அதாவது கணையம் திடீர்னு வீங்கிப் போறது. வலி மேல்வயித்துல ஆரம்பிச்சு நேரா முதுகுக்கு ஊடுருவும், மல்லாந்து படுக்க முடியாது, முன்னாடி குனிஞ்சு உக்காந்தா கொஞ்சம் தேவலை, வாந்தி எடுத்தாலும் அடங்காது. இப்படி ஒரு வலி, ரத்தத்துல லைபேஸ், அமைலேஸ்ங்கற கணைய என்சைம்ல ஒண்ணு நார்மல் உச்சத்தை விட 3 மடங்கு, ஸ்கேன்ல வீக்கம், இந்த மூணுல ரெண்டு இருந்தாலே டாக்டருங்க இதுதான்னு முடிவு பண்ணிடுவாங்க. தம்பிக்கு மூணுமே இருந்தது. நல்லவேளை லேசான வகை, நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டான். வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில கடைசி வரியில இந்தக் கேப்சூல், காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, 3 மாசத்துக்கு.

நான் டாக்டர் இல்ல, லேப்ல வேலை பாக்கறவ. அதனால எனக்குத் தெரிஞ்ச பக்கத்துல இருந்துதான் இதைப் பாக்க முடியும், மருந்தை நிறுத்தறதோ மாத்தறதோ உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் பண்ணுங்க.

மெடிக்கல்ல அந்தப் பையன் சொன்னது இது: "அக்கா, இது கணையத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டும், சீக்கிரம் ஆறிடும், பேஷண்ட் எல்லாம் நல்லா சொல்றாங்க." கேக்க நல்லாத்தான் இருக்கு. இதுல கடுப்பான விஷயம் என்னன்னா அவன் சொன்னதுல பாதி உண்மை. ஆன்டிஆக்சிடன்ட், ரத்த ஓட்டம், கணையம் இந்த மூணுக்கும் நடுவுல நிஜமாவே ஒரு சங்கதி இருக்கு, நாப்பது வருஷமா ஆராய்ச்சி நடந்துக்கிட்டு இருக்கு. அதைச் சொல்லாம கேப்சூலை மட்டும் திட்டினா அது நியாயமா இருக்காது.

கணையத்துக்குன்னு தனியா ஒரு பெரிய ரத்தக்குழாய் கிடையாது. மண்ணீரலுக்குப் போறதுல இருந்து கொஞ்சம், ஈரல் பக்கம் போறதோட கிளையில இருந்து கொஞ்சம், குடலுக்குப் போறதுல இருந்து கொஞ்சம்னு நாலு பக்கமும் இருந்து வாங்கிக்குது. வெளியில பாத்தா ஏகப்பட்ட சப்ளை மாதிரி இருக்கும். ஆனா உள்ளே, கணையம் குட்டிக் குட்டிப் பகுதியா பிரிஞ்சு இருக்கு பாருங்க, அந்த ஒவ்வொரு பகுதிக்கும் போற தமனி அதோட முடிஞ்சுடுது, பக்கத்துப் பகுதியோட சரியான இணைப்பு இல்ல. முட்டுச்சந்து கடைசி வீட்டுக் குடிதண்ணிக் குழாய் மாதிரிதான், மெயின்ல பிரஷர் குறைஞ்சா முதல்ல காயறது அந்த வீடு. அந்தக் குட்டிக் குழாய் சுருங்கிடுச்சுன்னா அந்தப் பகுதிக்கு வேற வழியா ரத்தம் வராது.

இப்ப கல்லு அடைச்சோ, குடியாலயோ, கொழுப்பு எகிறியோ, ஏதோ ஒரு காரணத்தால கணையத்துக்குள்ள இருக்கற செரிமான என்சைம் குடலுக்குப் போய் முழிக்கறதுக்கு பதிலா உள்ளேயே முழிச்சுக்குது. ட்ரிப்சின்தான் முதல் குற்றவாளி. செல்லெல்லாம் அடிபடுது, உடனே வெள்ளை அணுக்கள் படையா வருது, வந்து ஃப்ரீ ராடிக்கல்ஸ்னு சொல்றாங்களே, ஆக்சிஜன்ல இருந்து உண்டாகிற துடியான மூலக்கூறு, அதை அள்ளிக் கொட்டுது. அது ரத்தக்குழாயோட உள்சுவரை அரிக்குது. சுவர் ஓட்டை ஆனதும் ரத்தத்தோட நீர்ப்பகுதி வெளியில கசிஞ்சு போயிடுது, உள்ள மிஞ்சற ரத்தம் கெட்டியாகுது, வெள்ளை அணு சுவர்ல ஒட்டிக்குது, அங்கங்க கட்டி தட்டுது, குழாயும் சுருங்குது, ஓட்டம் நின்னு போகுது. ஓட்டம் நின்ன இடத்துக்குத் திரும்ப ரத்தம் வந்தா சந்தோஷப்படலாம்னு பாத்தா, வர்ற ஆக்சிஜனை வெச்சு சாந்தீன் ஆக்சிடேஸ்னு ஒரு என்சைம் இன்னும் கொஞ்சம் ஃப்ரீ ராடிக்கல்ஸ் தயாரிக்குது. ஆக ரத்தம் வராட்டியும் கெடுதல், வந்தாலும் கெடுதல்.

இது லேப்ல எங்க கண்ணுக்கே தெரியும். இந்த மாதிரி பேஷண்ட் அட்மிட் ஆகும்போது பிசிவி, அதாங்க ஹெமடோக்ரிட், ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்னு காட்டற அளவு, 44 சதவீதத்துக்கு மேல நிக்கும் சில பேருக்கு. ரத்தம் ஊறினதால இல்ல, தண்ணி வெளியில போய் சிவப்பணு நெருக்கிக்கிட்டதால. ஒரு நாள் கழிச்சும் அது இறங்கலைன்னா வார்டுல டாக்டர் முகமே மாறிடும், ஏன்னா கணையத்துல ஒரு பகுதி செத்துப் போறதுக்கான சான்ஸ் கூடுது. யூரியாவும் அதே மாதிரிதான், ஏறிக்கிட்டே போச்சுன்னா நல்லதுக்கில்ல. கொழுப்பால வந்த கேஸ்னா இன்னொண்ணு, ரத்த ட்யூபை சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி எடுத்தா மேல நிக்கிற சீரம் தெளிவா இல்லாம வெள்ளையா கலங்கி இருக்கும், ட்ரைகிளிசரைடு 1000 தாண்டினவங்க சாம்பிள் இப்படித்தான் வரும், மெஷின்ல போடறதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரிஞ்சுடும்.

சரி, ஃப்ரீ ராடிக்கல்தான் வில்லன்னா அதை அடக்குற ஆன்டிஆக்சிடன்ட் குடுத்தா போச்சு, இல்லையா? இதைத்தான் 1984ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல சான்ஃபி, பல்க்லி, கேமரான்னு டாக்டருங்க நாயோட கணையத்தைத் தனியா வெளியில எடுத்து அதுக்குள்ள ரத்தத்தை ஓடவிட்டு சோதிச்சுப் பாத்தாங்க. ஃப்ரீ ராடிக்கலை அழிக்கிற ரெண்டு என்சைம், சூப்பராக்சைடு டிஸ்மியூடேஸும் கேட்டலேஸும், குடுத்தப்ப வீக்கமும் சேதாரமும் குறைஞ்சது. அன்னிலேர்ந்து எலியில எத்தனை எத்தனையோ சோதனை, நிறைய இடத்துல ஆன்டிஆக்சிடன்ட் குடுத்தா சின்னக் குழாய்ல ரத்த ஓட்டம் நல்லா இருந்துச்சுன்னு ரிப்போர்ட். மெடிக்கல் பையன் சொன்னதோட வேர் இங்கதான் இருக்கு.

ஆனா ஒரு விஷயத்தை யாரும் கவுண்டர்ல நின்னு சொல்றதில்ல. அந்த எலிக்கெல்லாம் பெரும்பாலும் நோயை வரவழைக்கிறதுக்கு முன்னாடியோ வரவழைச்ச கையோடயோ மருந்து குடுத்தாங்க. மனுஷனுக்கு அப்படியா? நமக்கு வலி வந்து, கேஸ்னு நெனச்சு ஜெலுசில் குடிச்சு, ராத்திரி தாங்காம ஆட்டோ பிடிச்சு, கேஷுவாலிட்டில ஊசி போட்டு, காலையில பெரிய டாக்டர் வந்து பாத்து, லைபேஸ் ரிப்போர்ட் வர்றதுக்குள்ள குழாய்ச் சுவர்ல நடக்க வேண்டிய அக்கிரமம் எல்லாம் பாதிக்கு மேல நடந்து முடிஞ்சுடும். அதுக்கப்புறம் போற ஆன்டிஆக்சிடன்ட் யாரைப் பிடிக்கும்?

பிடிக்கலைன்னு மனுஷங்கள்லயே பாத்துட்டாங்க. இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கத்து ஆஸ்பத்திரி மூணுல, கடுமையான பான்கிரியாடைட்டிஸ் வந்த 43 பேரை எடுத்து, 22 பேருக்கு நரம்பு வழியா என்-அசிட்டைல்சிஸ்டீன், செலினியம், வைட்டமின் சி, மத்த 21 பேருக்கு மருந்தே இல்லாத டம்மி. யாருக்கு எதுன்னு டாக்டருக்கும் தெரியாது பேஷண்டுக்கும் தெரியாது. 7ஆம் நாள் பாத்தா மருந்து போன குரூப்ல 7 பேருக்கு ஏதாவது ஒரு உறுப்பு தடுமாறிக்கிட்டு இருந்தது, டம்மி குரூப்ல 4 பேருக்கு. 2007ல 'கட்' (Gut)ங்கற மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு. ஆள் கம்மி, அதனால மருந்து கெடுத்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா நல்லது பண்ணுச்சுன்னு சொல்ல ஒரு துளி கூட இடமில்ல. இத்தனைக்கும் அது மாத்திரை இல்ல, நேரா ரத்தத்துல ஏத்தினது, ஆன்டிஆக்சிடன்ட் அளவு ரத்தத்துல ஏறவும் செஞ்சது. ஏறியும் பலனில்ல, அதான் பாயிண்ட்.

நம்ம நாட்டுலயும் பண்ணாங்க. டெல்லியில 53 பேர் வெச்சு ஒண்ணு, சண்டிகர்ல 39 பேர் வெச்சு வைட்டமின் ஏ, சி, ஈ குடுத்து ஒண்ணு. ரெண்டுலயும் ஆஸ்பத்திரியில இருக்கற நாளோ சிக்கலோ உறுதியா சொல்ற அளவுக்கு குறையல. அக்யூட் வகைக்குன்னு எத்தனையோ மருந்து ட்ரை பண்ணிட்டாங்க, ஆக்ட்ரியோடைடு, அப்ரோட்டினின், கேபெக்ஸேட்டுன்னு, நோயையே திருப்பற மருந்துன்னு இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் நிலைச்சு நிக்கல.

இப்ப லேபிளுக்கு வருவோம், ரிவ்யூன்னா பொருளைப் பாக்கணும்ல. ஆரஞ்சு கலர் சாஃப்ட்ஜெல், 10 உள்ள ஸ்ட்ரிப்பு, பிச்சா லேசா மீன் எண்ணெய் வாடை. ஸ்ட்ரிப்பு முன்னூறு ரூபாய்க்கு மேல. பாக்ஸ் முன்பக்கம் பளபளன்னு நெஞ்சு, மூளை, கண்ணு படம் எல்லாம் போட்டிருக்கு (கணையம் படம் கூட இல்லைங்க, அதையாவது போட்டிருக்கலாம்). பின்பக்கம்தான் கதையே. பொடி எழுத்துல உள்ள என்னன்னு போட்டிருக்கு, செலினியம் 40 மைக்ரோகிராம், வைட்டமின் சி 40 மி.கி., வைட்டமின் ஈ, லைக்கோபின், துத்தநாகம், கூட ஒரு சிட்டிகை ஜின்செங்கு எதுக்கோ. அதுக்குப் பக்கத்துலயே கொட்டை எழுத்துல "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல"ன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கான். டாக்டர் சீட்டுல எழுதி, மெடிக்கல்ல வாங்கி, மருந்து டப்பாவுல வெச்சு சாப்பிடற பொருள்ல மருந்தில்லைன்னு அவனே எழுதியிருக்கான்! காரணம் சிம்பிள், இது மருந்து லைசென்ஸ்ல வர்றதில்ல, உணவு லைசென்ஸ்ல வருது, சத்துப் பொருள் வகை. அப்படி விக்கறவங்க அந்த வரியைப் போட்டே ஆகணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி. பெரும்பாலும் ஒரு நாளைக்கு சராசரி மனுஷனுக்குத் தேவையான சத்தளவை ஒட்டித்தான் இதுக்குள்ள வைக்கிறாங்க. செலினியம் 40ங்கறது அப்படி வந்த நம்பர்.

இதை ஏன் இவ்ளோ நீட்டறேன்னா, ஆன்டிஆக்சிடன்ட் கணையத்துக்கு வேலை செஞ்சதுன்னு சொல்லக்கூடிய ஒரு நல்ல ஆராய்ச்சி நம்ம நாட்டுலயே இருக்கு. டெல்லி எய்ம்ஸ்ல 127 பேர், 2009ல வந்தது. அது அக்யூட் இல்ல, நாள்பட்ட பான்கிரியாடைட்டிஸ், வருஷக்கணக்கா வலியோட அல்லாடறவங்க. 6 மாசம் குடுத்ததுல மாசத்துக்கு வலி வர்ற நாள் மருந்து குரூப்ல 7.4 குறைஞ்சது, டம்மி குரூப்ல 3.2. சுத்தமா வலி விட்டவங்க 32 சதவீதம், டம்மியில 13. நல்ல ரிசல்ட்டு, மறுக்கல. ஆனா அவங்க ஒரு நாளைக்குக் குடுத்த அளவு என்னன்னு பாருங்க: செலினியம் 600 மைக்ரோகிராம், வைட்டமின் சி 540 மி.கி., பீட்டா கரோட்டின் 9000 யூனிட், வைட்டமின் ஈ 270 யூனிட், மெத்தியோனின்னு ஒரு அமினோ அமிலம் 2 கிராம். நம்ம கேப்சூல்ல மெத்தியோனின் பேரே இல்ல. செலினியத்துக்கு மட்டும் கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு 15 கேப்சூல் முழுங்கணும். தயவுசெஞ்சு யாரும் முழுங்கிடாதீங்க, பெரியவங்களுக்கு 400 மைக்ரோகிராமுக்கு மேல செலினியம் தொடர்ந்து ரொம்ப நாள் போனா முடி கொட்டலாம், நகம் உடையலாம், அந்த ஆராய்ச்சி டாக்டருங்க பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டது. ஆக மொத்தம் என்னன்னா, வேற நோய்ல, வேற அளவுல, வேற கலவையில வந்த நல்ல பேரை இந்த டப்பா ஓசியில வாங்கிக்குது.

அந்த நாள்பட்ட வகையிலயும் எல்லாரும் ஒத்துக்கல. இங்கிலாந்துல 70 பேர் வெச்சு இதே ஐடியாவைப் பண்ணி 2012ல போட்டாங்க, ரத்தத்துல ஆன்டிஆக்சிடன்ட் நல்லா ஏறிச்சு, வலி மட்டும் குறையல. அங்க பெரும்பாலும் குடியால வந்த கேஸ், வயசும் கூடுதல். நம்ம பக்கம் சின்ன வயசுலயே குடி இல்லாமலே வர்ற வகை உண்டு, கேரளா, தமிழ்நாட்டுல அந்தக் காலத்துல இருந்து தெரிஞ்சது, கணையத்துல கல்லு, கூடவே சர்க்கரை. மான்செஸ்டர்ல இந்த ஆன்டிஆக்சிடன்ட் தியரியை ரொம்ப காலம் தூக்கிப் பிடிச்ச டாக்டர் ஜோன் பிரகன்சா, சென்னை பேஷண்டுங்களோட ரத்தத்தையும் அவங்க ஊர் பேஷண்டுங்களோட ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க, நம்ம ஆளுங்களுக்கு வைட்டமின் சி ரொம்ப கம்மியா இருந்திருக்கு. அப்ப அவங்களுக்குக் குடுத்தா பலன் தெரியறதுக்கு ஒரு நியாயம் இருக்கு, ஏற்கனவே காலியா இருக்கறவனுக்குத்தான ரொப்பினா தெரியும். நாள்பட்ட வலி இருக்கறவங்க இதைப் பத்தி உங்க கேஸ்ட்ரோ டாக்டர்கிட்ட கேக்கறதுல தப்பே இல்ல, ஆனா சரியான அளவுல, சரியான கலவைல.

என் தம்பி சிகரெட்டு வேற. இந்த மாதிரி கேப்சூல் சிலதுல பீட்டா கரோட்டினும் சேத்து வருது, அதைப் பாத்து வாங்குங்க. ஃபின்லாந்துல சிகரெட் பிடிக்கிற ஆம்பளைங்க 29,000 பேருக்கு மேல எடுத்து, அதுல பாதிப் பேருக்கு தினம் 20 மி.கி. பீட்டா கரோட்டின் குடுத்துப் பாத்தாங்க, நுரையீரல் கேன்சர் குறையும்னு நெனச்சு குடுத்தது, 1994ல ரிசல்ட் வந்தப்ப அதைச் சாப்பிட்டவங்களுக்கு 18 சதவீதம் கூடியிருந்தது. கேப்சூல்ல இருக்கறது அவ்ளோ இல்ல, இருந்தாலும் ஆன்டிஆக்சிடன்ட்னா நல்லதுதானே, சும்மா கெடக்கட்டும்னு சொல்றவங்களுக்காக இதைச் சொல்றேன். சிகரெட்டே கணையத்துக்கு எதிரி, அதை விடறதுக்கு ஒரு கேப்சூலும் ஈடாகாது.

இதே ரகத்துல இன்னொண்ணு, புரோபயாடிக். நல்ல பாக்டீரியா, குடல் தெம்பாகும்னு அதையும் சில இடத்துல எழுதறாங்க. நெதர்லாந்துல கடுமையா ஆகலாம்னு தெரிஞ்ச அக்யூட் கேஸ் 296 பேர்கிட்ட பண்ணி 2008ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில போட்டது ரொம்ப பிரபலம், புரோபயாடிக் குரூப்ல 16 சதவீதம் பேர் இறந்தாங்க, டம்மியில 6. புரோபயாடிக் குரூப்ல 9 பேருக்குக் குடலுக்கு ரத்த ஓட்டம் போதாம குடலே கெட்டது, டம்மியில ஒருத்தருக்குக் கூட இல்ல. அந்த சமயத்துல கணையம் மட்டுமில்ல, மொத்த வயித்துக்கும் ரத்தம் இழுபறிதான்னு இதுல இருந்தே தெரியுது. வீட்டுக்கு வந்தப்புறம் தயிர் சாப்பிடறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, பயப்படாதீங்க.

அப்ப கணையத்துக்கு ரத்த ஓட்டத்தை நிஜமா காப்பாத்தறது எது? ட்ரிப்ஸ். அவ்ளோதான். முதல் நாள்ல ஏத்தற உப்புநீர், அதுலயும் ரிங்கர் லாக்டேட்ங்கற வகை. ஒரு ஸ்ட்ரிப்பு கேப்சூல் காசுக்கு பாட்டில் பாட்டிலா வாங்கிடலாம், அதை யாரும் விளம்பரம் பண்றதில்ல. கசிஞ்சு போன நீரைத் திரும்ப ஊத்தினாத்தான் கெட்டியான ரத்தம் இளகும், சின்னக் குழாய்ல ஓடும். அதுக்குன்னு குடம் குடமா ஊத்தக் கூடாது. முன்னெல்லாம் நல்லா அள்ளி ஊத்துங்கன்னுதான் சொன்னாங்க. 2022ல இந்தியா, ஸ்பெயின், இத்தாலி, மெக்சிகோன்னு 4 நாட்டுல 249 பேர்கிட்ட பாத்ததுல, வேகமா நிறைய ஏத்தினவங்கள்ல 20.5 சதவீதம் பேருக்கு உடம்புல தண்ணி தேங்கிப் போச்சு, நிதானமா ஏத்தினவங்கள்ல 6.3 சதவீதம்தான், நிறைய ஏத்தினதால நோய் குறையவும் இல்ல, ஆராய்ச்சியைப் பாதியிலேயே நிறுத்திட்டாங்க. நிதானம்னா கிலோவுக்கு மணிக்கு 1.5 மில்லி, தண்ணி வத்திப் போயிருந்தா மட்டும் ஆரம்பத்துல கிலோவுக்கு 10 மில்லி. தம்பி 70 கிலோ, மணிக்கு நூறு சொச்சம் மில்லிதான் ஆச்சு.

தம்பி இருந்த ஆஸ்பத்திரிக்கு இந்த விஷயத்துல முழு மார்க். அந்த முதல் ராத்திரி ட்யூட்டி நர்ஸ் ஒரு மணிக்கொரு தரம் வந்து யூரின் பேக்கைக் குனிஞ்சு பாத்து கோட்டு மேல விரல் வெச்சு எத்தனை மில்லின்னு நோட்டுல எழுதினாங்க, குறைஞ்சா டாக்டருக்கு போன், பிபி, ஆக்சிஜன், காலையில திரும்ப பிசிவி, யூரியா. பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத வேலை. வலிக்கு ஊசி தயங்காம போட்டாங்க. சீழ் இல்லாம சும்மா ஆன்டிபயாடிக் போடல, அதுவே பெரிய விஷயம். வாந்தி நின்னதும் மறுநாளே கஞ்சி குடுத்தாங்க, எங்கம்மா "ஐயோ கணையம் வீங்கியிருக்கே, சாப்பாடு குடுக்கலாமா"ன்னு கத்தினாங்க, பட்டினி போடறது பழைய வைத்தியம்மா, இப்ப முடிஞ்சவரைக்கும் சீக்கிரம் வாய் வழியா குடுக்கறதுதான் நல்லதுன்னு சிஸ்டர் பொறுமையா சொன்னாங்க. சில நாள் கழிச்சு சாயம் ஏத்தி எடுத்த சிடி ஸ்கேன்ல, ரத்தம் ஓடற இடம் வெள்ளையா மின்னும், செத்த இடம் கறுப்பா நிக்கும், தம்பிக்கு கணையம் முழுக்க வெள்ளையா இருந்தது. ரத்த ஓட்டம் நல்லா இருக்குன்னு காட்டின அந்தப் படம், முதல் கேப்சூல் உள்ள போறதுக்கு முன்னாடி எடுத்தது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

கேப்சூல் மேல எனக்கு உண்மையான கோபம் வேற. டிஸ்சார்ஜ் சம்மரியில அதுக்கு மேல இருக்கற வரி "பித்தப்பை ஆபரேஷன் சீக்கிரம் பண்ணிக்கொள்ளவும்". வீட்டுல எல்லாரும் கேப்சூலைப் பிடிச்சுக்கிட்டு அந்த வரியை விட்டுட்டாங்க. தம்பி பொண்டாட்டி ஒரு நாள் கேட்டா, "அண்ணி, அதான் கணையத்துக்கு மாத்திரை குடுத்திருக்காங்கல்ல, கல்லு அதுலயே கரைஞ்சுடாதா?" கரையாதும்மா. கல்லு கணையத்துல இல்ல, பித்தப்பையில இருக்கு, ஒண்ணு நழுவின இடத்துல இன்னொண்ணு நழுவும். நெதர்லாந்துல இதையும் பாத்திருக்காங்க, 2015ல, லேசான அக்யூட் கேஸ்ல அதே அட்மிஷன்லயே பித்தப்பையை எடுத்தவங்களுக்கு கல்லால திரும்ப சிக்கல் வந்தது 5 சதவீதம், வீட்டுக்குப் போய் ஒரு மாசம் போல கழிச்சு வாங்கன்னு அனுப்பினவங்களுக்கு 17 சதவீதம். கேப்சூல் 3 மாசம்னு எழுதினதும் ஆபரேஷனும் 3 மாசம் கழிச்சுன்னு இவங்களா ஒரு கணக்குப் போட்டுக்கிட்டாங்க. இது மாதிரி இன்னும் எத்தனை வீட்டுல நடக்குதோ.

அடுத்த செக்கப்புக்குப் போனப்ப டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன். "சார், இந்தக் கேப்சூல் கட்டாயமா?" "இல்லம்மா, சத்து மாத்திரைதான், இஷ்டம்னா சாப்பிடுங்க, இல்லைன்னா விட்டுடுங்க." "அப்ப ஏன் சார் எழுதினீங்க?" சிரிச்சுட்டார். "டெம்ப்ளேட்ல இருக்கும்மா, ப்ரிண்ட் போட்டா அதுவா வந்துடும்." மனுஷன் பொய் சொல்லல, அதுக்காக கோபப்படவும் முடியல. பித்தப்பை தேதி அங்கேயே குறிச்சு வாங்கிக்கிட்டு வந்தோம், லேப்ராஸ்கோப்பியில எடுத்தாச்சு, இப்ப நல்லா இருக்கான்.

ஆக வாங்கலாமா? அக்யூட் பான்கிரியாடைட்டிஸ் வந்து வீட்டுக்கு வந்தவங்க இதுக்குன்னு வாங்கத் தேவையில்ல, அந்தக் காசுல நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக் கீரை வாங்கிச் சாப்பிடுங்க, நோயைக் குணமாக்கும்னு சொல்லல, வாய்க்காவது ருசியா இருக்கும். கல்லுன்னா ஆபரேஷன், குடின்னா ஒரு சொட்டு கூட வேணாம், ட்ரைகிளிசரைடுன்னா அதுக்கு உண்டான மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும், காரணத்தைப் பிடிங்க. சரியா சாப்பிட முடியாம எடை குறைஞ்சு போனவங்களுக்கு டாக்டர் சத்து மாத்திரைன்னே சொல்லி எழுதினா அது வேற, சாப்பிடுங்க. நாள்பட்ட வகைக்காரங்க மேல சொன்ன மாதிரி டாக்டர்கிட்ட பேசுங்க.

மிச்சமிருந்த ஸ்ட்ரிப்பை மெடிக்கல்ல திருப்பிக் குடுத்துட்டேன். பில்லும் பேட்ச் நம்பரும் ஒத்துப் போகணும், ஸ்ட்ரிப்பை வெட்டியிருக்கக் கூடாது, அப்படின்னா எங்க ஏரியாவுல எடுத்துக்கறாங்க, காசா தர மாட்டேன், வேற பொருளா எடுத்துக்கோங்கன்னாங்க. அம்மாவோட பிரஷர் மாத்திரையா வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.